முனிக்கு வெட்டிய காசு

பத்து மணித் தேத்தண்ணி வந்ததும், தெப்பமலைத் தோட்டத்து ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுக் காளியாயி பக்கம்தான் திரும்புவார்கள். அவள் மடியிலிருந்து ஒரு பால்மா டின் வெளியே வரும். அதில் தேங்காய்ச் சம்பல். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து அரைத்து, கடைசியில் கையாலேயே பிசைந்து எலுமிச்சை பிழிந்தது. ரொட்டியை நீட்டியவளுக்கெல்லாம் ஒரு கிள்ளு கிடைக்கும். மிஞ்சியதைத்தான் அவள் தின்பாள். அந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணிக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடையாது. அவர் கொடுத்தது வசவு மட்டும்தானே.

அறுபத்தொன்றாம் வருடம் ஆனி மாதம். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மூன்று மைல்கட்டை மேலே இருக்கிற மலை அது. ஆனி பிறந்தால் அங்கே வானம் மூடிக்கொள்ளும். மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். கம்பளி நனைந்து கழுத்தை இழுக்கும், அட்டை காலில் ஏறும், விரல் விறைத்துக் கொழுந்து எது முற்றல் எது என்று தெரியாமல் போகும். அப்படிப்பட்ட ஒரு நாளில், காளியாயியின் மகள் சண்முகவடிவு தேயிலை நிரையின் நடுவில் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. வேலைக்குப் பேர் பதிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வயிற்றுவலி என்று காலையிலேயே சொன்னாள். மாதவலியாக இருக்கும் என்று காளியாயி சுடுதண்ணீர் கொடுத்துக் கூட்டி வந்திருந்தாள்.

“எந்திரிடி, கங்காணி வாறாரு.”

“முடியலம்மா. மொதல்ல தொப்புள சுத்தி வலிச்சுது. இப்ப இங்க வந்து நிக்குது.”

வடிவு வலது பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினாள். காளியாயி அந்தக் கை வைத்த இடத்தையே பார்த்தாள். போன கார்த்திகையில் அவளுடைய சின்னவன் அழகன், ஏழு வயதுப் பிள்ளை, அதே இடத்தில்தான் கையை வைத்துக் காட்டினான். மூன்றாம் நாள் அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

“ராசம்மா!” என்று காளியாயி அலறினாள். “ஓடியா ராசம்மா!”

ராசம்மா பக்கத்துக் காம்பராக்காரி. ஒரே சுவர்தான் நடுவில். பிள்ளை குட்டி இல்லாதவள். காளியாயியின் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் கூடையை வீசிவிட்டு ஓடி வந்தாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து காளியாயியின் புருஷன் பழனியாண்டியைக் கூப்பிட ஆள் போனது. கம்பளியின் இரண்டு தலைப்பையும் ஒரு கம்பில் கட்டி, அதில் வடிவைப் போட்டு, வழுக்குகிற பாதையில் மருந்துக் காம்பராவுக்கு இறக்கினார்கள்.

தோட்டத்து டொக்டரையா அம்பலவாணர் யாழ்ப்பாணத்து ஆள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முந்நூறு குடும்பத்துக்கு நாலு போத்தல் மருந்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கண் மங்கித்தான் போகும். வடிவின் வயிற்றை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். அவள் துடித்தாள். அவர் திரும்பி அலமாரியைத் திறந்தார்.

“பூச்சிதான். மழைக்காலத்திலை பூச்சி மேலை ஏறினால் இப்பிடித்தான் குத்தும். விளக்கெண்ணெய் ஒரு அவுன்ஸ் குடுக்கிறன். நல்லாப் போச்சுதெண்டால் சுகம்.”

“ஐயா, போன கார்த்திகையில என் மகனுக்கும் இதே போத்தல்லேருந்துதான் ஊத்துனீங்க.”

“அது வேறை வருத்தம்.”

“வேற இல்லீங்க. இதே எடம். இதே வாந்தி. எண்ணெய் உள்ள போன மறுநா வவுறு பலகையா போச்சு.”

“அது விதி, பிள்ளை. நான் என்ன செய்ய?”

“விதிய ஒரு தடவ குடிச்சாச்சுங்க” என்றாள் காளியாயி. “பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்க.”

அம்பலவாணருக்கு முகம் கறுத்தது. ஒரு கொழுந்துக்காரி தன் முன்னால் நின்று மருந்து வேண்டாம் என்று சொல்வதை அவர் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் துண்டு எழுதினார். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட லொறியைப் பழனியாண்டி கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினான். பெட்டிகளுக்கு நடுவே படங்குச் சாக்கை விரித்து வடிவைக் கிடத்தினார்கள். ஸ்டேஷனில் ரயில் பிடித்து டவுனுக்குப் போய்ச் சேரும்வரை காளியாயி ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள். “இது ஒண்ணாச்சும் எனக்கு மிஞ்சணும்.”

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் வந்து பார்த்தாள். யோகராணி என்று பேர். வயது இருபத்தாறு இருக்கும். வடிவின் வயிற்றை மெல்ல அமுக்கிச் சட்டென்று கையை எடுத்தாள். கையை எடுக்கும்போதுதான் வடிவு கத்தினாள்.

“அம்மா, இது குடல்வால். வீங்கிப்போய் இருக்கு. இண்டைக்கே வெட்டி எடுக்க வேணும். பெரிய டொக்டருக்குச் சொல்லி அனுப்பிப்போட்டன். எண்ணெய், பேதி மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?”

“இல்லீங்க. குடுக்க விடல.”

“நல்ல காலம். குடுத்திருந்தால் வெடிச்சிருக்கும்.” டொக்டர் ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். “வீட்டிலை வேறை பிள்ளையளுக்கு இப்பிடி வயித்துக்குத்து வந்ததோ? ஆருக்கும் நாள்பட்ட காய்ச்சல் இருந்ததோ?”

வடிவு தள்ளுமேசையில் சுருண்டு படுத்திருந்தாள். ராசம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழனியாண்டி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். எல்லோருக்கும் கேட்கும்படிதான் காளியாயி பதில் சொன்னாள்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு ஒத்தப் புள்ளதாங்க.”

ராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.  டொக்டர் ‘ஒரே பிள்ளை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

காளியாயி ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்குப் போன வருடம் மாசி மாதத்துக்குப் போக வேண்டும். கொழுந்து பொங்கிக்கொண்டிருந்த மாதம். காளியாயிக்குக் காய்ச்சல் வந்தது. நாளாக நாளாக ஏறியது. நாக்கு வெளுத்து, தலைமுடி கொட்டி, பிதற்றத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் என்று, வரிசை வீடுகளான அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். லயத்தை அடைப்பார்கள், பாயையும் துணியையும் கொளுத்துவார்கள், ஆளைக் காய்ச்சல் வார்டுக்குத் தூக்கிப் போவார்கள். காளியாயியின் அக்காள் அந்த வார்டுக்குப் போய்த் திரும்பி வராதவள். அந்தப் பயத்தில்தான் ஒளித்தார்கள். சிவசாமிக் கங்காணியும் ஒத்துக்கொண்டார். கொழுந்து பொங்கும் நேரத்தில் தன் கூட்டத்தில் ஒரு ஆள் குறைவதை அவர் விரும்பவில்லை.

“வடிவு, நாளையிலேருந்து நீதான் காளியாயி. கம்பளிய முகத்துல இழுத்து விட்டுக்க. பேரு கூப்புட்டா கையத் தூக்கு, வாயத் தொறக்காத” என்றார்.

இருபத்தாறு நாள் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி “காளியாயி” என்று கூப்பிட, பனிக்குள்ளே பதினாலு வயதுப் பிள்ளை கையைத் தூக்கினாள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா, வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலில் கோடு போட்டுக்கொண்டு போனார். உள்ளே காம்பராவில் ராசம்மா காளியாயிக்குக் கஞ்சி ஊற்றினாள், துணி அலசினாள், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காய்ச்சல் இறங்கியது. காளியாயி எழுந்து நடந்தாள், சம்பல் அரைத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நினைத்தார்கள்.

மகன் செத்ததைச் சொன்னால் எப்படிச் செத்தான் என்று கேட்பார்கள். அதைத் தொட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சலைத் தொட்டால் செக்ரோல் வரும். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு வந்து வடிவையும் காய்ச்சல் வார்டில் போட்டுவிடுவார்கள் என்று அந்த நேரத்தில் காளியாயிக்குப் பட்டது. இருக்கிற பிள்ளைக்காக இல்லாத பிள்ளையை விட்டுக்கொடுத்தாள். வாயிலிருந்து அது சுலபமாக வந்துவிட்டது.

வடிவு பிழைத்தாள். பெரிய டொக்டர் வெட்டி எடுத்த குடல்வாலை ஒரு போத்தலில் போட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். வெட்டியபோதே அவருக்கு ஏதோ சந்தேகம். சுற்றியிருந்த நெறிக்கட்டிகள் அத்தனை பெரிதாக வீங்கியிருந்தன. மூன்றாம் நாள் காளியாயி பெரட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ராசம்மாதான், நான் இருக்கேன்க்கா நீ போ என்று, கட்டில் பக்கத்தில் ஒரு வாரம் தங்கினாள்.

இரண்டாவது வாரம் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது ஒரு சுகாதாரப் பரிசோதகர் தோட்டத்துக்கு வந்தார். காக்கிக் கால்சட்டை, தோளில் பை. சிங்களவர். நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். பரிசோதிக்கப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தார், கக்கூஸ் வரிசையை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார், ஒப்பீசில் உட்கார்ந்து செக்ரோலைப் புரட்டினார். ஐந்தாம் நம்பர் லயத்தில் மூன்று வருடமாக ஒருவரும் சேர்ந்தாற்போல நாலு நாள்கூடப் படுத்ததில்லை என்று அதில் இருந்தது. கொழும்பில் துரைமார் பங்களாக்களில்கூட அப்படி ஒரு ஆரோக்கியம் இருந்திருக்காது. அவர் செக்ரோலை மூடிவிட்டு நேராகக் காளியாயியின் காம்பராவுக்கு வந்தார்.

“காளியாயி நீங்கதானே?”

“ஆமாங்க மாத்தயா.”

“போன வருசம் மாசி மாசம் ஒங்களுக்குக் காய்ச்சல். இருபத்தாறு நாள். சரியா?”

 “இல்லீங்களே. அந்த மாசம் பூரா நான் வேலைக்குப் போயிருக்கேன். செக்ரோலப் பாருங்க.”

“பார்த்தேன். வேலைக்குப் போனது மகள்” என்றார் அவர், கோபமில்லாமல். “ஒங்க சின்னப் பையன் கார்த்திகை மாசம் செத்தது. அதுவும் தெரியும். பொய் எப்பா, பொய் வேணாம் அம்மா. நான் பிடிச்சிட்டுப் போக வரல்ல.”

நாள் கணக்கைக்கூடச் சரியாகச் சொல்கிறார். யாரோ உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் மூன்று சின்ன டின்களைக் கொடுத்து, மூன்று காலையும் மலம் எடுத்து வைக்கச் சொன்னார். லயமே வாசலில் நின்று பார்த்தது. பிள்ளைகள் சிரித்தன. காளியாயி அந்த மூன்று டின்களையும் முந்தானையில் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. அதைப் படித்துச் சொல்லும் வேலை அம்பலவாணருக்கு. அவர் காளியாயியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மருந்துக் காம்பரா வாசலில், இருமல் மருந்துக்கு நின்ற முப்பது பேர் முன்னால் படித்தார்.

“மகளின்ரை குடல்வாலிலை இருந்தது நெருப்புக் காய்ச்சல் கிருமி. காய்ச்சல் கிருமி குடல்வாலிலை போய்க் குந்துறது ஆயிரத்திலை ஒண்டு. அந்தப் பெரிய டொக்டரே முந்திக் கண்டதில்லையாம். அந்தக் கிருமி இப்பவும் உன்ரை வயித்துக்குள்ளை இருக்கு. உனக்கு ஒண்டும் செய்யாது. உன்ரை கையாலை தின்னுறவைக்குத்தான் செய்யும். இனி நீ வேறை ஆக்களுக்குச் சாப்பாடு தொட்டுக் குடுக்கக் கூடாது.” கடிதத்தை மடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “நான் குடுத்த எண்ணெயாலைதான் உன்ரை பெடியன் செத்தவன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீ. இப்ப விளங்குதோ?”

அந்த எண்ணெய்தான் பையனின் வயிற்றை வெடிக்க வைத்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அவருக்கும் ஒதுங்க ஒரு இடம் வேண்டியிருந்தது. சிவசாமிக் கங்காணி அதற்கு முன்பே ஒதுங்கிவிட்டிருந்தார். “எனக்கு என்னங்க தெரியும்? பனியில மூஞ்சி தெரியல. அவதான் புள்ளைய அனுப்பி என்னைய ஏமாத்திட்டா” என்று கண்டாக்கையாவிடம் சொல்லியிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. பெண்கள் காளியாயிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. எத்தனை வருடம் அவள் கையால் தின்றவர்கள்!

மகனைக் கொன்றது தன் கை என்று நினைக்கக் காளியாயியால் முடியவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் இன்னொன்றைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சொன்னது யார்? புருஷன் சொல்ல மாட்டான், அவனுக்குப் பேச்சே வராது. கங்காணி சொல்ல மாட்டார், அவர் தலையும் உருளும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் டொக்டரோடு குந்தியிருந்தவள் யார்?

பீலியில் எட்டுக் குடம் வரிசையில் இருக்கும்போது அவள் ராசம்மாவைப் பிடித்தாள்.

“எனக்குக் கஞ்சி ஊத்துன கையாலயே என் கழுத்த அறுத்துட்டியேடி.”

“அக்கா, குடத்த வச்சிட்டு வா. வீட்டுல போயிப் பேசுவோம்.”

“என்னத்தடி பேசறது? எம்புள்ளைங்களத் தூக்கித் தூக்கி வச்சிக்கிட்டே இருந்தியே, ஒனக்கு ஒண்ணு இல்லேங்கற எரிச்சல் உள்ள இருந்திருக்கு. நீதானே சொன்னே? சொல்லு!”

ராசம்மாவின் முகத்தில் அந்தச் சொல் பட்ட இடம் தெரிந்தது. அவள் தண்ணீர் நிறையும்வரை பீலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஒத்துக்கொள்ளாதவளை ஒத்துக்கொள்ள வைக்க அந்தத் தோட்டத்தில் ஒரு வழிதான் உண்டு. களவு போனாலும், பழி சொன்னாலும், யார் என்று தெரியாவிட்டால் முனியாண்டி முன்னால் காசை வெட்டிப் போடுவார்கள். வெட்டிய காசு கிடக்கும்வரை செய்தவன் உடம்பில் அது நடக்கும் என்பது நம்பிக்கை. காசு வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டே களவெடுத்த சேவலைத் திரும்பக் கட்டிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டுக் கச்சேரியில்லாத இடத்தில் சனங்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, பழனியாண்டியின் கவ்வாத்துக் கத்தியையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு காளியாயி கோயிலுக்குப் போனாள். கோயில் என்றால் மூன்று கல், ஒரு சூலம். பூசாரி இராமையா சூடம் கொளுத்தினார். ஒரு சதக் காசைக் கல்லின்மேல் வைத்தார்.

ராசம்மா ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“வேணாம்க்கா. காச வெட்டாத.”

“ஏன், பயமா இருக்கா?”

“நான்தான் சொன்னேன். போதுமா? நான்தான்க்கா சொன்னேன். விட்டுரு.”

“பீலியில இல்லேன்னியே.”

“பொய் சொன்னேன். இப்ப நெசத்தச் சொல்றேன். நான்தான்.” ராசம்மா கல்லுக்கும் அவளுக்கும் நடுவில் மண்டி போட்டாள். “வெட்டித்தான் ஆகணும்னா, ஏம் பேரச் சொல்லி வெட்டு. ராசம்மான்னு சொல்லி வெட்டுக்கா.”

“பேரு எதுக்குடி? சொன்னது யாருன்னு முனிக்குத் தெரியும்.”

காளியாயி கத்தியைக் காசின்மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். “சொன்ன வாயி அழுகணும். சொன்னவ வவுறு இந்தக் காசு மாதிரி ரெண்டா பொளக்கணும்.” மூன்றாவது அடியில் காசு இரண்டாகத் தெறித்தது. பூசாரி துண்டுகளைப் பொறுக்கிச் சூலத்தின் அடியில் புதைத்தார்.

ராசம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று காளியாயி நினைத்தாள். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

அடுத்த வியாழக்கிழமை வடிவு வீட்டுக்கு வந்தாள். கிருமிக்கு ஒரு மாதம் மருந்து குடித்து இளைத்துப் போயிருந்தாள். பழனியாண்டி ஸ்டேஷனிலிருந்து பாதி தூரம் முதுகில் தூக்கி வந்தான். காளியாயி அடுப்புப் பக்கம் போகாமல், எதையும் தொடாமல், வாசல் இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து நின்று மகளைப் பார்த்தாள்.  இது ஒன்று மிஞ்சிவிட்டது. மற்றது எல்லாம் போனாலும் போகட்டும்.

வடிவுதான் அரிசியைக் களைந்து உலை வைத்தாள். குனியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ராசம்மா சித்தி எங்கம்மா? எட்டியே பாக்கல.”

“அவ பேச்ச எடுக்காத. அவதான் டொக்டர்கிட்ட எல்லாத்தயும் சொல்லி நம்மள சந்தி சிரிக்க வச்சவ. சும்மா விடல நான். முனிகிட்டக் காசு வெட்டிப் போட்டுட்டேன். சொன்னவ வவுறு ரெண்டா பொளக்கணும்னு.”

வடிவு அகப்பையைக் கீழே வைத்தாள்.

“சித்தி சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்.”

மழை தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பழனியாண்டி கத்தி தீட்டுவதை நிறுத்தினான்.

“என்னடி சொன்னே?”

“அந்த டொக்டரம்மா வந்து கட்டில்ல குந்திக் கேட்டாங்க. ‘இந்தக் கிருமி ஆரிட்டையிருந்தோ வந்திருக்க வேணும் பிள்ளை, யோசிச்சுப் பார்’னாங்க. காய்ச்ச வந்து மாறுனாலும் சில பேரு வவுத்துல அது குடியிருக்குமாம். சித்தி என் கையப் புடிச்சி அமுக்குனாங்க, சொல்லாதன்னு. நான் எல்லாத்தயும் சொல்லிட்டேன். தம்பி செத்ததையும் சொன்னேன்.”

காளியாயி உள்ளே வந்து மகளின் முன்னால் நின்றாள். கை தானாக ஓங்கியது. “தையல் போட்ட வவுறு, காளி” என்றான் பழனியாண்டி. கை அப்படியே நின்றது.

யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். கங்காணி கைவிட்டதைத் தாங்கினாள், பத்துப் பெண்கள் முதுகு காட்டியதைத் தாங்கினாள். எண்ணெயைத் தட்டிவிட்டு, துண்டு எழுத வைத்து, யாருக்காக இத்தனையும் செய்தாளோ அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். 

“என் வவுத்துல பொறந்து என்னயவே காட்டிக் குடுத்திட்டியேடி! அந்த எண்ணெயக் குடிக்க விட்டிருந்தா இன்னைக்கு நீ இருந்திருப்பியா?”

“இருந்திருக்க மாட்டேன். தெரியும்.”

“அப்புறம் ஏன்டி?”

“‘எனக்கு ஒத்தப் புள்ளதாங்க’ன்னு சொன்னியேம்மா.” வடிவு சத்தம் போடவில்லை. “அந்த மேசையில படுத்துக்கிட்டுக் கேட்டேன். தம்பியத் தூக்கி வளத்தவ நான். நீ மலைக்குப் போனதும் அவனுக்கு வாயில ஊட்டுனவ நான். ஒரு நிமிசத்துல அவன் பொறக்கவே இல்லேன்னு ஆக்கிட்டியே. நானும் அன்னைக்கு மேசையிலேயே செத்திருந்தா, யாராச்சும் கேட்டா என்னயவும் இல்லேன்னு சொல்லியிருப்பே.”

“உன்னக் காப்பாத்தத்தான்டி சொன்னேன்!”

“தம்பிய யாரு காப்பாத்துனா?”

 அப்போதுதான் காளியாயிக்கு முனியாண்டியின் ஞாபகம் வந்தது. சொன்னவள் வயிறு. அவள் கண் மகளின் வயிற்றுக்குப் போனது. சேலைக்குள்ளே, வலது பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தைத்த வயிறு. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராசம்மா ஏன் மண்டி போட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது.

மழையோடு மழையாகப் பூசாரி இராமையாவிடம் ஓடினாள். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார். “வெட்டுன காச சும்மா தோண்டி எடுக்க முடியாது தாயி. வெட்டுனவளும் வெட்டுப்பட்டவளும் ஒண்ணா வந்து நிக்கணும். அந்தப் புள்ள ‘நான் சொன்னது தப்பு’ன்னு முனி முன்னால ஒரு வார்த்த சொல்லணும். அப்பத்தான் எடுத்து ஆத்துல விடலாம்.”

வீட்டுக்கு வந்து, சொட்டச் சொட்ட நின்று, காளியாயி மகளிடம் கெஞ்சினாள்.

“ஒரே ஒரு வார்த்த, சாமி. தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லு. வா, இப்பவே போவோம்.”

“தெரிஞ்சிதாம்மா சொன்னேன்.”

“முனி விளையாட்டு இல்லடி. உன் வவுறுடி அது!”

“இது அந்த டொக்டர் தச்ச வவுறு. முனி தைக்கல.” வடிவு சோற்றை வடித்துக்கொண்டே பேசினாள். “நான் வரேன். ஆனா மொதல்ல நீ ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு ரெண்டு புள்ள, சின்னவன் பேரு அழகன், என் கையால தின்னுதான் செத்தான்னு அந்தத் தாள்ல எழுதச் சொல்லு. அதுக்கப்புறம் நான் முனிகிட்ட என்ன வேணும்னாலும் சொல்றேன்.”

  ஒத்தப் பிள்ளை என்று அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாயால் காளியாயிக்கு இதைச் சொல்ல முடியவில்லை. பெற்றவள் எவளுக்கு முடியும்? ஆனால் முடியாதது எப்படித் துரோகமாகிறது என்பதையும் அவள் மகளின் முகத்தில் பார்த்தாள்.

வடிவு அம்மாவுக்கு ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டு வைத்தாள். தன் சோற்றை எடுத்துக்கொண்டு ராசம்மாவின் காம்பராவுக்குப் போனாள். அன்றிலிருந்து அங்கேதான் படுத்தாள்.

சுவர் ஒன்றுதான் நடுவில். வடிவு இருமினால் கேட்கும், புரண்டு படுத்தால் கேட்கும். காளியாயி காதைச் சுவரோடு வைத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு முனகல் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் எத்தனை சாமியைக் கும்பிட்டாளோ தெரியாது. டவுன் ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை புறப்பட்டாள். நாலு தடவையும் ஸ்டேஷன்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

ஆவணி பிறந்து, வடிவு மறுபடி பெரட்டுக்கு வந்தாள். ராசம்மாவின் பக்கத்தில் நின்றாள். சிவசாமிக் கங்காணி, ஒன்றுமே நடக்காதது போல, பேர் கூப்பிட்டார். “காளியாயி” என்றதும் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கை எழுந்தது. “சண்முகவடிவு” என்றதும் வடிவு “இருக்கேங்க” என்று உரக்கச் சொன்னாள். கூட்டம் மலைக்குத் திரும்பியது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய வடிவு ஒரு கணம் நின்று வலது பக்கம் கையை வைத்தாள்.

“என்னடி செய்யுது?” வரிசையின் கடைசியிலிருந்து காளியாயி அலறினாள். “வடிவு! என்னடி செய்யுது?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவு திரும்பவில்லை. கையை எடுத்துவிட்டு நடந்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா, கயிறு உறுத்துது” என்று ராசம்மாதான் பதில் சொன்னாள்.